மூன்றாம் தண்ணீருக்கு முன்னால்

பாக்கியலெட்சுமிக்கு எதிலும் இடது ஓரம்தான் வேண்டும். பஸ்ஸில் இடது பக்கத்து ஜன்னல். தோட்டத்துப் பிள்ளைகளை விடுகிற புள்ளக்காம்பராவில் வரிசையாக வைத்த பால் கோப்பைகளில் இடது கோடிக் கோப்பை. ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்துக்கு முன்னால் அடுக்கிக் கிடக்கிற விறகில் இடது கடைசிக் கட்டை. அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் போச்சு. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவள் போடுகிற கூச்சலில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேல்மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் கூச்சல் ஒன்றுதான் அவள் குரல். ஆறு வயது முடிந்தும் ஒரு சொல் வந்ததில்லை.

அந்தப் புதன்கிழமையும் பதுளை பஸ்ஸில் இடது ஜன்னலோரம் ஒரு பெரியவர் இருந்தார். ரெங்கம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இடம் மாறி உட்காருங்களேன் என்று கேட்டாள். என்ன ஏது என்று பெரியவர் விசாரிக்கத் தொடங்குவதற்குள் கண்டக்டரே முந்திக்கொண்டான். "எழும்பிருங்க ஐயா. இந்தப் பாதையில அது இந்தப் புள்ளையோட சொந்த சீட்டு. போன மாசம் டிரைவருக்கே காது அடைச்சிப் போச்சு." பஸ் சிரித்தது. பாக்கியம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, ஓடுகிற தேயிலை நிரைகளைப் பார்க்கத் தொடங்கினாள். ரெங்கம்மாவும் மூச்சை விட்டாள்.

மூச்சை விட்டாளே தவிர, மனம் நிலையில் இல்லை. லயத்தை விட்டு அன்றைக்குக் கிளம்பியதே தப்பு. ஐந்து நாளாக அடுத்த காம்பராவில் அம்மா வந்திருக்கிறது. அவள் புருஷன் சின்னராசாவின் அக்கா இராக்கம்மாவின் காம்பரா அது. இராக்கம்மாவின் கடைசி மகள் சின்னக்குட்டிக்கு உடம்பெல்லாம் சிவந்து பொரிந்திருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. இரண்டு காம்பராவுக்கும் இடையில் ஒரே சுவர் என்பதால் இந்தப் பக்கமும் தாளிப்பு இல்லை, கருவாடு இல்லை. இப்படி இருக்கும்போது ஊர்ப்பயணம் போகக்கூடாது. ஆனால் ஆஸ்பத்திரித் தேதி மாதத்தில் ஒன்றுதான், தவறவிட்டால் அடுத்த மாதம்தான். காலையில் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது இராக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, போறவ போ, அம்மாகிட்ட நீயே சொல்லிக்க என்றாள்.

இராக்கம்மா சாதாரண நாத்தனார் இல்லை. தோட்டத்துப் புள்ளக்காம்பராவுக்கு அவள்தான் ஆயம்மா. தாய்மார் மலைக்கு ஏறினதும் முப்பது பிள்ளைகளையும் கட்டி மேய்க்கிறவள். பாக்கியத்தைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கியவளும் அவள்தான். அதற்கும் முன்னால், பாக்கியம் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது ரெங்கம்மாவுக்கு இதே மாதிரி அம்மா வந்து, ஒன்பது நாள் வேப்பிலையால் வருடி, நீராகாரம் ஊட்டி, மூன்று தண்ணீரும் ஊற்றி எழுப்பி விட்டதும் அவள்தான்.

அந்த ஒன்பது நாளில் ரெங்கம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். விரல் மூட்டு, முழங்கால் எல்லாம் வலியில் பிளந்தது. பொறுக்க முடியாமல், யாருக்கும் தெரியாமல் ஆள் அனுப்பி டிஸ்பென்சரியிலிருந்து இரண்டு வெள்ளை மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டாள். அம்மா உடம்பில் இருக்கும்போது மருந்து தின்பது அம்மாவைத் துரத்துகிற மாதிரி. பின்னால் மனது கேட்காமல் இராக்கம்மாவிடம் சொல்லியும் விட்டாள். அப்போது இராக்கம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாக்கியத்துக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராதபோதுதான் சொன்னாள். அந்த ரெண்டு மாத்திரையத்தான் அம்மா இந்தப் புள்ள நாக்குல வச்சிருக்கு, என்று. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு தடவை போதாதா?

பதுளையில் அவள் பார்க்கப் போகிற டாக்டர் மஹ்ரூப் அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவர். தலைமயிர் எப்போதும் கலைந்திருக்கும். நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்து எழுந்து நடப்பார். மேசையில் வெளிநாட்டுப் புத்தகங்கள் திறந்தபடி கிடக்கும். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொன்னவரும், இதற்கு ஓட்டிசம் என்று பெயர் என்று சொன்னவரும் அவர்தான். பெயர் தெரிந்ததால் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனாலும் பெயரில்லாத ஒன்றோடு குடித்தனம் பண்ணுவதைவிட இது பரவாயில்லை என்று ரெங்கம்மாவுக்குத் தோன்றியது. அவருக்கு முன்னால் வேறு இடத்தில் பார்த்த ஒரு டாக்டர், தாய் பிள்ளையை அணைக்காமல் புள்ளக்காம்பராவில் போட்டுவிட்டு வேலைக்குப் போனதால்தான் பிள்ளை உள்ளே ஒடுங்கிவிட்டது என்றிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரெங்கம்மா மகளை இறுக்கி அணைத்தாள். பாக்கியம் கரையில் போட்ட மீன் மாதிரி துடித்துக் கையை விட்டு ஓடினாள். அதற்குப் பிறகு அவளாக வந்து முதுகில் சாய்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

மஹ்ரூப் அன்றைக்கு மேசையில் நான்கு கலர்க் கட்டைகளை வரிசையாக வைத்தார். பாக்கியம் இடது கோடியை எடுத்தாள். கலரை மாற்றி வைத்தார். மறுபடியும் இடது கோடி. எட்டுத் தடவை மாற்றினார், எட்டுத் தடவையும் அதேதான். இவளை ஏமாத்த ஏலாது என்று சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ரெங்கம்மா புறப்பட எழுந்தபோது பேச்சோடு பேச்சாக, இன்றைக்கு வந்திருக்கவே கூடாது, பக்கத்துக் காம்பராவில் அம்மா வந்திருக்கிறது என்றாள். மஹ்ரூப் பேனாவை வைத்தார். பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவர். அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். பொரிந்தது எப்படி இருக்கிறது, கொப்புளமா, வெறும் சிவப்பா, காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று கேட்டார். கொப்புளம் இல்லை, சிவப்புத்தான், நெறி கட்டியிருக்கிறது, மேல் லயத்திலும் நாலு பிள்ளைகளுக்கு இருக்கிறது என்றாள். எனக்கு வந்தபோதும் இப்படித்தான் இருந்தது என்றும் சொல்லிவிட்டாள்.

"எப்ப உங்களுக்கு வந்தது?"

"இவ வயித்துல மூணு மாசமா இருக்கையில."

மஹ்ரூப் அவளுடைய பழைய தாளை எடுத்துப் பார்த்தார். கர்ப்ப காலத்தில் காய்ச்சல், நோய் ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"அண்டைக்கி இத என்னத்துக்கு செல்லல்ல?" சொல்வதைச் செல்வது என்பது அவர் வீட்டுப் பேச்சு.

"நீங்க நோய் வந்துச்சான்னு கேட்டீங்க டாக்டர் ஐயா. இது நோயில்லீங்களே. அம்மா வந்து போனதுங்க. அத நோயின்னு வாயால சொல்லலாமா?"

அவர் கோபப்படவில்லை. ஜன்னல் வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். கேள்வி கேட்ட என் மேலும் பிழை இருக்கிறது என்றார். பிறகு நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். இந்தச் சிவப்புக் காய்ச்சல் பிள்ளைகளுக்கு வந்தால் நாலு நாளில் போய்விடும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்தில் வந்தால்தான் ஆபத்து. கிருமி உள்ளே இருக்கிற பிள்ளை வரைக்கும் போகும். கண்ணைக் கெடுக்கலாம், காதைக் கெடுக்கலாம், இருதயத்தைக் கெடுக்கலாம். வெளிநாட்டில் அப்படிப் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் கொஞ்சப் பேருக்குப் பாக்கியத்தைப் போலவும் இருந்திருக்கிறது.

"எல்லாருக்கும் இல்ல. கனபேருக்கு இப்படி ஒண்டும் இல்ல. உங்களுக்கு வந்தது அதுதானாண்டு இப்ப எனக்கு செல்ல ஏலா. கிருமி செஞ்சதா, அதோட உங்கட உடம்பு போட்ட சண்டை செஞ்சதா, அதுவும் தெரியா. பெரிய பெரிய ஆக்களுக்கே தெரியா. ஆனா இரிக்கலாம்."

ரெங்கம்மா எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள். மாத்திரைக் கதையை அவரிடம் சொன்னாள். எல்லாவற்றையும், ஆள் அனுப்பியதிலிருந்து, சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, அந்த இரண்டு மாத்திரைக்கும் இதற்கும் எனக்குத் தெரிந்து ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். அவள் இன்னொன்றும் கேட்டாள். அது சின்னராசா கேட்கச் சொன்ன கேள்வி. அவன் மருந்தடிக்கிற ஆள். தேயிலையில் வருகிற கொப்புள நோய்க்கு அடிக்கிற நீல மருந்தை முதுகில் சுமந்து அடித்துவிட்டு, நீலம் பிடித்த சட்டையோடுதான் அந்த நாளில் காம்பராவுக்குள் வருவான். ரெங்கம்மாதான் அதைத் துவைப்பாள். அதனால் இருக்குமோ?

மஹ்ரூப் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். "அத ஒருத்தரும் தேடிப் பாக்கல்ல. பாக்காததால இரிக்கிண்டும் செல்ல ஏலா, இல்லண்டும் செல்ல ஏலா. சட்டைய வெளியில கழட்டி அவரையே கழுவச் செல்லுங்க. அது எப்படியும் நல்லது."

பிறகு அவர்தான் கேட்டார், உங்கள் லயத்தில் இப்போது வயிற்றில் பிள்ளையோடு யாராவது இருக்கிறார்களா என்று. உங்களுக்குப் பயமில்லை, ஒரு தடவை வந்த உடம்பு அதை மறக்காது, மறுபடியும் உள்ளே விடாது. இதுவரைக்கும் வராதவர்கள்தான் தள்ளி இருக்க வேண்டும் என்றார். இப்போதைக்கு லயத்தில் அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு ரெங்கம்மா வெளியே வந்தாள். பஸ் நிலையத்துக்கு வந்து, இடது ஜன்னலில் பாக்கியத்தை உட்கார வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

வீராயி.

வீராயி இராக்கம்மாவின் மூத்த மகள். பத்தொன்பது வயது. பூனாகலையில் வாழ்க்கைப்பட்டு, இப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் நாள், மூன்றாம் தண்ணீர். அன்றைக்குக் கூடப்பிறந்ததெல்லாம் ஒன்றாக நின்று, தண்ணீர் ஊற்றி, ஒரே சட்டிக் கூழைப் பங்கிட்டுக் குடிக்க வேண்டும். அதற்கு வீராயி வரவேண்டும் என்று மொஹிதீன் நானாவிடம் சொல்லி அனுப்ப இராக்கம்மா ஏற்பாடு பண்ணியிருந்தாள். மொஹிதீன் நானா தோட்டம் தோட்டமாகச் சீலை மூட்டை சுமந்து விற்கிறவர். இந்தப் புதன்கிழமைச் சாயங்காலமே லயத்துக்கு வந்து சேதியை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ரயிலில் பண்டாரவளைக்குப் போய் அங்கிருந்து பூனாகலைக்கு ஏறுவார். ஏழு வருஷத்துக்கு முன்னால் லயமே சிவந்து கிடந்தபோது வீராயி இங்கே இல்லை. பதுளையில் வாஹித் என்கிற முதலாளி வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வந்ததேயில்லை.

பஸ் மெதுவாக ஏறியது. ரெங்கம்மாவுக்கு இறங்கித் தள்ளலாம் போலிருந்தது.

சின்னராசா பீலியடியில், மலையிலிருந்து குழாயில் விழுகிற தண்ணீரில், கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை எல்லாம் குனிந்தபடியே கேட்டான். வீராயியைப் பற்றிக் கேட்டும் அவன் முதலில் கேட்டது வேறு.

"அப்ப எம் மருந்து இல்லையா?"

"இல்லன்னும் சொல்லல. ஆமான்னும் சொல்லல. தெரியாதுன்னுதான் சொன்னாரு."

அவன் சட்டையைக் கழற்றிக் கல்லில் போட்டு, தானே கசக்கத் தொடங்கினான். இத்தனை வருஷமாக அவனும் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்று ரெங்கம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே பாயில் படுத்து எழும்பியும் இரண்டு பேரும் அவரவர் மூட்டையைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்காகிட்ட நீயே சொல்லு," என்றான் கொஞ்சம் பொறுத்து. "நா சொன்னா கேக்காது. நீ சொன்னா வையும். வையிற ஆளு கேட்டுட்டுத்தான் வையும்."

பயணம் போய் வந்த உடம்போடு அம்மா இருக்கிற வாசலை மிதிக்க முடியாது. ரெங்கம்மா பாக்கியத்தைக் குளிப்பாட்டிவிட்டு, தானும் பீலியில் தலையோடு குளித்து, ஈரச்சீலையோடு போய் வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே சின்னக்குட்டி சிவப்பு தணிந்து, எழுந்து உட்கார்ந்து பொம்மைக்கு வேப்பிலை வீசிக்கொண்டிருந்தாள். இராக்கம்மா வாசலுக்கு வந்தாள்.

எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் மறந்து போய்விட்டது. வீராயியை வரச்சொல்ல வேண்டாம் என்று பொட்டென்று போட்டு உடைத்தாள். பிறகுதான் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல இராக்கம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அம்மா வந்ததாலதான் ஒம் புள்ள இப்பிடின்றியா?"

"நா அம்மாவ ஒண்ணும் சொல்லல மதினி. வீராயி தள்ளி இருக்கட்டுங்கிறேன். அவ்வளவுதான்."

"மூத்தவ இல்லாம மூணாந் தண்ணி ஊத்தினா என்னா ஆகும் தெரியுமா? வராத புள்ளய அம்மா தேடிப் போகும். தேடிப் போற அம்மா சாந்தமா போகாது. வயித்துப்புள்ளக்காரிய அப்பிடி விடச் சொல்றியா?"

ரெங்கம்மா வீராயியைக் காப்பாற்றத்தான் வேண்டாம் என்கிறாள். இராக்கம்மாவும் வீராயியைக் காப்பாற்றத்தான் வா என்கிறாள். ஒரே பிள்ளையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது.

இராக்கம்மா விடவில்லை. டாக்டருக்கு அம்மாவைப் பற்றி என்ன தெரியும், அன்றைக்கு மாத்திரையை முழுங்கிவிட்டு வந்து நின்றவள்தானே நீ, என்று கேட்டாள்.

"மூணு வருஷமா அதத்தான் மதினி நெனச்சிக்கிட்டிருக்கேன். சோறு திங்கையில, கொழுந்து எடுக்கையில, இவ தலைய சீவையில. மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு அவரு சொல்றாரு. அது நெசமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஆனா வீராயிக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, நீங்களும் என்னய மாதிரி ஒக்காந்து எதனால எதனாலன்னு நெனச்சிக்கிட்டே இருப்பீங்க. அது வேணாம் மதினி. அது யாருக்கும் வேணாம்."

இராக்கம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சின்னக்குட்டி மட்டும், அத்த நனைஞ்சிருக்கு, அத்த நனைஞ்சிருக்கு என்று பொம்மைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலையில் வெயில் மஞ்சளாகி இறங்குகிற நேரத்தில் மொஹிதீன் நானா மூட்டையோடு வந்துவிட்டார். வேப்பிலையைக் கண்டதும் மரியாதையாகக் கீழ்ப் படியிலேயே நின்றுகொண்டார். மகளுக்குக் கொடுத்தனுப்ப ஒன்றும் இல்லையா தங்கச்சி, வெறும் சேதிக்கு என் முதுகு போதாது என்று வழக்கம்போலக் கேலி பண்ணினார். இராக்கம்மா சிரிக்கவில்லை. கொஞ்சம் நில்லுங்க நானா, பூக்கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் என்றாள்.

ரெங்கம்மா இந்தப் பக்கத்து வாசலில் இருந்து அதைக் கேட்டாள். பூக்கட்டிப் பார்ப்பது என்றால் தீர்ப்பு அம்மாவுடையது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இலையில் மடித்து நூல் சுற்றிவிட்டால் எதில் எது என்று வெளியே தெரியாது. அம்மாவுக்கு முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்ததுதான் உத்தரவு. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது. வெள்ளை வந்தால் வீராயி வரட்டும், சிவப்பு வந்தால் வரவேண்டாம், என்று இராக்கம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக உள்ளே பொட்டலம் கட்டினாள்.

கதவு திறந்தது.

"பாக்கியத்தக் கூட்டிட்டு வா," என்றாள்.

ரெங்கம்மா திகைத்தாள். மேல் லயத்தில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கும்போது, தன் பேரைச் சொன்னால்கூடத் திரும்பாத பிள்ளையை எதற்கு? மொஹிதீன் நானாவே அதைக் கேட்டுவிட்டார். பேசத் தெரிஞ்ச புள்ள பொய்யும் பேசும் நானா, இது பேசாத புள்ள என்றாள் இராக்கம்மா.

மெழுகின தரையில் கும்பம் இருந்தது. அதற்கு முன்னால் பித்தளைத் தட்டு. அதில் இரண்டு பச்சைப் பொட்டலம், ஒரே அளவு, ஒரே கட்டு. ரெங்கம்மாவின் கண் தட்டிலேயே நின்றது. இடது பக்கம் எது இருக்கிறதோ அதுதான் வரப்போகிறது. மற்றவர்களுக்கு அது தெய்வத்தின் கை. தனக்கு மட்டும் அது முன்னாலேயே முடிந்துபோன காரியம். ஆனால் இடது பக்கம் இருப்பது வெள்ளையா சிவப்பா என்பது கட்டியவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தட்டைத் திருப்பி வைக்கலாம் என்று ஒரு கணம் கை பரபரத்தது. திருப்பி என்ன? திருப்பினால்தான் கேடு வருமோ என்னவோ. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

இராக்கம்மா கும்பத்தைக் கும்பிட்டாள். குனிந்து தட்டைப் பார்த்தாள். பாக்கியம் உள்ளே வந்து தட்டுக்கு எதிரே குந்தினாள். அவள் குந்திய பிறகு இராக்கம்மா ஒரு பொட்டலத்தை எடுத்து மற்றப் பக்கத்தில் வைத்து, இன்னொன்றை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். ஏதோ நேராக வைக்கிற மாதிரி.

பாக்கியம் நூலைப் பார்த்தாள். வெளியே பீலியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குத் தலையைச் சாய்த்தாள். பிறகு அவள் கை போய், தன் இடது பக்கம் இருந்ததை எடுத்துக்கொண்டது. எடுத்ததை யாருக்கும் கொடுக்கவில்லை. மூக்கில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னராசா வாசலில் இருந்து மெல்லக் கையை நீட்டி, விரல் விரலாக விலக்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. நூலை அவிழ்த்து இலையை விரித்தான்.

உள்ளே சிவப்புச் செம்பருத்தி.

இராக்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். படிக்கு வந்து, நிதானமான குரலில் சேதி சொன்னாள். "நானா, வீராயிகிட்ட சொல்லுங்க. அம்மா உத்தரவு குடுக்கல. இந்தப் பக்கம் வரவேணாம். அம்மாவே வேணாம்னுட்டதால தேடியும் போகாது, பயப்பட வேணாம்னு சொல்லுங்க. அங்கயும் எந்தப் புள்ளைக்காச்சும் செவந்திருந்தா அந்தப் பக்கம் போகவேணாம். மாசம் நாலு தாண்டட்டும், நானே வந்து பாக்குறேன்."

மொஹிதீன் நானா தலையாட்டிவிட்டு மூட்டையைத் தூக்கினார். சட்டையில்லாமல் நின்ற சின்னராசா அவருக்கு ஒரு கை கொடுத்து, மூட்டையைச் சந்தி வரைக்கும் தானே சுமந்துகொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று. வீராயி நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பு தண்ணீரை இராக்கம்மா தரையில் ஊற்றினாள். அடுத்த வாரம் மொஹிதீன் நானா பூனாகலையிலிருந்து திரும்பி வந்தபோது வீராயியின் கோபத்தையும் சுமந்துகொண்டு வந்தார். அவள் நன்றாகத்தான் இருக்கிறாளாம். புளி கேட்டுப் புருஷனைப் படுத்துகிறாளாம். கூழுக்குக்கூட வேண்டாதவளை இனி எதுக்கும் கூப்பிட வேண்டாம் என்று அழுதாளாம். அழுவா, அழட்டும், என்றாள் இராக்கம்மா.

அவள் புள்ளக்காம்பராவுக்குத் திரும்பிய முதல் நாள், ரெங்கம்மா காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் பாக்கியத்தை விட வந்தாள். பெஞ்சியில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. இராக்கம்மா வாளியிலிருந்து பால் ஊற்றிக்கொண்டு வந்தாள். யாரோ ஒரு பிள்ளை இடது கோடிக்குக் கை நீட்டியது. அவள் அந்தக் கையை மெல்லத் தட்டிவிட்டாள்.

கேட்கக்கூடாது என்று ரெங்கம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"மதினி, அன்னைக்குத் தட்டுல..."

"ஆறு வருஷமா இவளுக்கு நாந்தான் பாலு ஊத்துறேன்," என்றாள் இராக்கம்மா, ஊற்றுவதை நிறுத்தாமல். "எங்க கை போகும்னு எனக்குத் தெரியாதா?"

பெரட்டுக்கு ஊதுகிற சத்தம் கேட்டது. பாக்கியம் காதைப் பொத்திக்கொண்டாள்.

இராக்கம்மா வாளியைக் கீழே வைத்தாள். "எடுத்தது புள்ள. கட்டி வச்சது நா. கடைசி நேரத்துல மாத்தி வையின்னு எங் கையப் புடிச்சது யாரு? அத நீ யோசிச்சுப் பாரு. ஒன் டாக்டரயும் யோசிக்கச் சொல்லு." சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். பிறகு, ரெங்கம்மாவைப் பார்க்காமல், பாக்கியத்தின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த மாத்திரைய நா அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது புள்ள."

ஊதுகிற சத்தம் நின்றது. பாக்கியம் காதிலிருந்து கையை எடுத்து, இடது கோடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, அத்தையின் முதுகில் சாய்ந்தபடி குடிக்கத் தொடங்கினாள். இராக்கம்மா அசையாமல் நின்றாள். பால் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

ரெங்கம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.